இங்கிரிட் பெர்க்மன்ஸ்: பெல்ஜிய ஜூடோ வீராங்கனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் ஜூடோவின் வரலாறு பேச்சில் வந்து, அதில் இங்கிரிட் பெர்க்மன்ஸின் பெயரும் வந்துவிட்டால், ஏறத்தாழ ஒரே வகையான ஐயங்கள்தான் ஒவ்வொரு முறையும் எழுகின்றன. அவருடைய பதக்கக் கணக்கு ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாகச் சொல்லப்படுவதும், ஒலிம்பிக்கில் அவர் வென்ற தங்கம் பட்டியல்களில் காணப்படாததும் இதற்குக் காரணங்கள். என்னிடம் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கொடுத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை விடை எழுதியிருக்கிறேன்.

யார் இந்த இங்கிரிட் பெர்க்மன்ஸ்? பெயரைத் தேடினால் ஒரு சினிமா நடிகைதான் வருகிறார்.

நடிகை இங்கிரிட் பெர்க்மன் சுவீடனைச் சேர்ந்தவர், 1982-இல் காலமானார். இவர் வேறு. இங்கிரிட் பெர்க்மன்ஸ் 1961 ஆகஸ்ட் 24 அன்று பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பேர்போன பெரிங்கனை ஒட்டிய கூர்சல் என்ற ஊரில் பிறந்தவர். 1980 முதல் 1989 வரை உலக ஜூடோவில் 72 கிலோவுக்கு உட்பட்ட பிரிவிலும் ஓப்பன் பிரிவிலும் முன்னணியில் நின்றார். தேடும்போது கடைசி எழுத்தை விட்டுவிடாமல், பெயரோடு ஜூடோ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டால் நடிகை வழிவிடுவார்.

ஜூடோ பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அவருடைய பழைய போட்டிகளைப் பார்க்க எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கொஞ்சம் போதும். எதிராளியை வேகத்தோடும் விசையோடும் முதுகு தரையில் படும்படி எறிந்தால் இப்போன்; ஆட்டம் அதோடு முடிந்தது. எறிதல் முழுமையாக அமையாவிட்டால் அதன் தரத்துக்கேற்ப வாசா-ஆரி, யூகோ, கோகா என்று படிப்படியாகக் குறைந்த மதிப்பு தரப்படும். தரையில் மல்லாக்க அழுத்திப் பிடித்தாலும் வெற்றிதான். ஆனால் 1980களில் இப்போன் பெற 30 விநாடி பிடித்திருக்க வேண்டும், இன்றோ 20 விநாடி போதும். கைமூட்டை மடக்கியோ கழுத்தை நெரித்தோ எதிராளியைப் பணியவைப்பதும் விதிக்கு உட்பட்டதே.

பழைய ஒளிப்பதிவுகளில் குழப்பம் தருவது வேறொன்று: இருவருமே வெள்ளை உடையில் இருப்பார்கள். ஒருவருக்கு நீல உடை என்ற ஏற்பாடு 1990களின் இறுதியில்தான் சர்வதேசப் போட்டிகளுக்கு வந்தது. அதற்கு முன் இடுப்பில் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டிய சிவப்பு அல்லது வெள்ளைப் பட்டையைக் கொண்டுதான் யார் எவர் என்று அடையாளம் கண்டார்கள். ஆட்டம் சூடுபிடித்து உடை கலைந்தபின் அந்தப் பட்டையும் கண்ணில் படாது. சமநிலையில் நேரம் முடிந்தால் மூலைகளில் அமர்ந்திருக்கும் இரு துணை நடுவர்களும் சிவப்பு அல்லது வெள்ளைக் கொடியை உயர்த்துவார்கள், நடு நடுவர் தம் முடிவைக் கைகாட்டி அறிவிப்பார். இன்றுபோலப் புள்ளி விழும் வரை நீளும் கூடுதல் நேரம் அப்போது கிடையாது.

ஒருவர் ஆறு என்கிறார், இன்னொருவர் பதினொன்று என்கிறார். உலகப் பட்டம் மொத்தம் எத்தனை?

இரண்டும் சரி. உலக சாம்பியன்ஷிப்களில் அவர் வென்ற மொத்தப் பதக்கங்கள் 11. அவற்றில் தங்கம் 6. தங்கங்களை மட்டும் வரிசைப்படுத்தினால் 1980 நியூயார்க்கில் ஓப்பன் பிரிவு, 1982 பாரிஸில் ஓப்பன் பிரிவு, 1984 வியன்னாவில் 72 கிலோவுக்கு உட்பட்ட பிரிவும் ஓப்பன் பிரிவும், 1986 மாஸ்ட்ரிக்டில் ஓப்பன் பிரிவு, 1989 பெல்கிரேடில் 72 கிலோவுக்கு உட்பட்ட பிரிவு.

எண்ணிக்கையைவிட நான் பெரிதாகக் கருதுவது ஒன்று உண்டு. 1980-இல் தொடங்கி அந்தப் பத்தாண்டு முடியும் வரை பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் ஆறு முறை நடந்தது. 1987-இல் எசனில் நடந்ததைத் தவிர மற்ற ஐந்திலும் அவர் குறைந்தது ஒரு தங்கத்தோடு திரும்பினார். முதல் தங்கத்தின்போது வயது 19. கடைசித் தங்கத்தின்போது 28.

ஓப்பன் பிரிவு என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

எடை வரம்பே இல்லாத பிரிவு. 50 கிலோ எடையுள்ளவரும் பதிவு செய்யலாம், 120 கிலோ எடையுள்ளவரும் பதிவு செய்யலாம். குலுக்கலில் யாருக்கு யார் எதிரில் வந்தாலும் ஆட வேண்டியதுதான். பெரியவரைச் சிறியவர் வெல்ல முடியும் என்ற ஜூடோவின் பழைய கொள்கைக்கு மிஞ்சியிருந்த கடைசி இடம் அது என்று சொல்லலாம். நடைமுறையில் பெரும்பாலான நாடுகள் தங்கள் மிகக் கனமான வீராங்கனையையே அதற்கு அனுப்பின. அந்நாளில் ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒருவர்தான் என்பதால், அந்த ஒரே இடத்துக்கு யாரை அனுப்புவது என்பதில் எடையே பெரும்பாலும் முடிவு செய்தது.

பெர்க்மன்ஸின் சொந்தப் பிரிவு 72 கிலோவுக்கு உட்பட்டது. தம்மைவிட எத்தனையோ கிலோ கூடுதலானவர்கள் நிறைந்த களத்தில் 1980, 1982, 1984, 1986 என்று தொடர்ந்து நான்கு முறை அவர் உலகப் பட்டம் வென்றார். எடை கூடியவர் உடையைப் பற்றிக் கீழ்நோக்கி அழுத்தத் தொடங்கினால் சிறியவரின் தோளும் முன்கையும் சீக்கிரமே சோர்ந்துவிடும். பிடி நிலைக்கும் முன்பே நகர்ந்து, எதிராளியின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் அந்த ஒரு கணத்தில் உள்ளே புகுந்தாக வேண்டும். அதை ஒரு முறை செய்துவிட்டால் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கலாம். ஆறு ஆண்டுகளில் நான்கு முறை செய்தவரை அப்படி ஒதுக்க முடியாது. அவருடைய வாழ்க்கையின் உண்மையான அளவுகோல் இந்த நான்கு பட்டங்கள்தான் என்பது என் கருத்து. கீழே வரும் பல விடைகளும் இதையே சுற்றி வரும்.

1980 நியூயார்க் போட்டிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்?

பெண்களுக்கான முதல் உலக ஜூடோ சாம்பியன்ஷிப் அதுதான். ஆண்களுக்கு 1956-லேயே தொடங்கிவிட்டது; பெண்கள் மேலும் 24 ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஐரோப்பாவில் 1970களின் நடுவிலிருந்தே பெண்களுக்குக் கண்ட அளவிலான போட்டி நடந்துவந்தது.

அந்தப் போட்டி நடந்ததற்கு முதன்மைக் காரணம் அமெரிக்காவின் ரஸ்டி கனோகோகி என்ற பெண்மணி. 1959-இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஒரு போட்டியில் ஆண் வேடத்தில் தம் அணிக்காக ஆடி வென்று, பின்னர் பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தவர் அவர். பெண்களுக்கு உலகப் போட்டி வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, கடைசியில் பணம் திரட்டுவதற்காகத் தம் வீட்டையே அடமானம் வைத்து, மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அதை நடத்திக் காட்டினார். அந்த மேடையில்தான் 19 வயது பெர்க்மன்ஸ் ஓப்பன் பிரிவில் தங்கம் வென்றார். பெண்கள் ஜூடோவின் உலக வரலாறு தொடங்கிய நாள்களிலேயே அவருடைய பெயரும் அதில் ஏறிவிட்டது.

சரி, அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றாரா, இல்லையா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. 1988 சோல் ஒலிம்பிக்கில் 72 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் அவர் முதலிடம் பெற்றார். ஆனால் அங்கே பெண்கள் ஜூடோ காட்சி விளையாட்டாக மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது. ஒலிம்பிக் நிகழ்ச்சி நிரலுக்குள் கொண்டுவரலாமா என்று பார்ப்பதற்காக நடத்தப்படும் அத்தகைய போட்டிகளில் பதக்கம் உண்டு, மேடை உண்டு. நாட்டின் பதக்கப் பட்டியலில் மட்டும் அவை சேராது. ஆகவே, ஒலிம்பிக்கில் வென்றார் என்பது உண்மை. அதிகாரபூர்வ ஒலிம்பிக் சாம்பியன் என்று எழுதினால் அது பிழை.

இதன் விந்தையைப் பெல்ஜியத்தின் கணக்கில் தெளிவாகக் காணலாம். சோலில் பெல்ஜியம் அதிகாரபூர்வமாகப் பெற்றவை இரண்டு வெண்கலங்கள் மட்டுமே. அவற்றில் ஒன்று ஜூடோ வீரர் ராபர்ட் வான் டெ வாலே வென்றது, மற்றொன்று துப்பாக்கி சுடுதலில் கிடைத்தது. அதே அரங்கில், அதே விளையாட்டில் பெர்க்மன்ஸ் வென்ற தங்கம் கணக்கில் இல்லை. அந்த ஆண்டின் பட்டியலை இன்று எடுத்துப் பார்ப்பவருக்குப் பெல்ஜியம் தங்கமே வெல்லாத நாடாகத்தான் தெரியும்.

1984-இல் இரண்டு உலகத் தங்கம் வென்றவர், ஏன் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகவில்லை?

போக வழியில்லை. அங்கே பெண்கள் ஜூடோ காட்சி விளையாட்டாகக்கூட இடம்பெறவில்லை. ஆண்களுக்கு எட்டுப் பிரிவுகள் இருந்தன. அவற்றில் ஓப்பன் பிரிவும் ஒன்று, அதை ஜப்பானின் யசுஹிரோ யமாஷிதா காலில் காயத்தோடு வென்றது ஜூடோவில் காலமெல்லாம் சொல்லப்படும் கதை. அதே ஆண்டில் பெண்கள் ஓப்பன் பிரிவின் உலகப் பட்டம் பெர்க்மன்ஸிடம் இருந்தது. அவருக்கு ஒலிம்பிக் கதவு திறக்கவில்லை.

1992 பார்சலோனாவில் பெண்கள் ஜூடோ முழுமையாகச் சேர்க்கப்பட்டதே. ஏன் ஆடவில்லை?

அவருடைய பெரும் வெற்றிகள் 1989-ஓடு முடிந்துவிட்டன. பார்சலோனாவில் அவர் களத்தில் இல்லை. அப்போது அவருக்கு 31 வயதை ஒட்டியிருக்கும். அவர் ஆடிவந்த 72 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் தென்கொரியாவின் கிம் மி-ஜங் தங்கம் வென்றார். பெர்க்மன்ஸின் பழைய எதிராளியான நெதர்லாந்தின் இரினே டெ கோக் வெண்கலம் பெற்றார். பெல்ஜியப் பெண்களின் முதல் அதிகாரபூர்வ ஒலிம்பிக் ஜூடோ பதக்கம் அங்கேதான் கிடைத்தது. 66 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் ஹைடி ராக்கல்ஸ் வென்ற வெண்கலம் அது.

ஆடியிருந்தால் வென்றிருப்பாரா என்று சிலர் தொடர்ந்து கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்வது ஜோசியம்.

அந்தக் காலத்தில் போட்டியே குறைவு, அதனால்தான் இத்தனை பட்டம் என்கிறார்களே?

இந்த வாதத்தை முழுவதும் தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1980களின் தொடக்கத்தில் பெண்கள் ஜூடோ பெரும்பாலும் ஐரோப்பாவின் கையில் இருந்தது. ஜூடோவின் தாய்நாடான ஜப்பானில்கூடப் பெண்கள் போட்டியிடுவதை நெடுங்காலம் ஊக்குவிக்கவில்லை. உலகப் பட்டம் வென்ற முதல் ஜப்பானியப் பெண் கவோரி யமாகுச்சி, அதுவும் 1984-இல்தான். சீனாவும் கியூபாவும் பின்னரே வலுப்பெற்றன. முதல் இரண்டு பட்டங்களை மட்டும் வைத்துப் பேசினால் இந்த வாதத்துக்கு ஓரளவு எடை உண்டு.

ஆனால் களம் நிரம்பிய பிறகும் அவர் விழவில்லை. 1986-இல் 72 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவைச் சீனாவின் காவ் ஃபெங்லியன் வென்றார். பெண்கள் ஜூடோவில் கனத்த எடையின் புதிய சக்தி அவர். அதே மாஸ்ட்ரிக்டில் 72 கிலோவுக்கு உட்பட்ட பிரிவின் தங்கம் சொந்த நாட்டு ரசிகர்கள் முன் ஆடிய டெ கோக்குக்குப் போனது. அப்படிப்பட்ட களத்தில் ஓப்பன் பட்டத்தைப் பெர்க்மன்ஸ் தக்கவைத்தார். அடுத்த ஆண்டு எசனில் ஓப்பன் பட்டம் காவ் ஃபெங்லியனிடமும், 72 கிலோ பட்டம் மீண்டும் டெ கோக்கிடமும் சென்றபோது, காலம் மாறிவிட்டது என்று பலர் நினைத்திருக்கக்கூடும். பெர்க்மன்ஸ் 1988-இல் சோலில் வென்று, 1989-இல் பெல்கிரேடில் தம் சொந்த எடைப் பிரிவின் உலகப் பட்டத்தையும் மீட்டார். போட்டி குறைவாக இருந்ததால் மட்டும் வென்றவர் என்றால் கதை 1987-இல் முடிந்திருக்க வேண்டும்.

பெல்ஜியத்தில் அவர் உண்மையிலேயே அவ்வளவு பிரபலமா? ஜூடோவை யார் பார்ப்பார்கள்?

பெல்ஜியத்தின் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது அவருக்கு எட்டு முறை கிடைத்தது. ஒரே பத்தாண்டுக்குள் எட்டு முறை என்றால், மற்றவர்களுக்கு மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் நாடு அது. சைக்கிள் பந்தயம் அங்கே ஏறத்தாழ மதம், அடுத்த இடம் கால்பந்துக்கு. அந்த இரண்டுக்கும் நடுவே, பெண்களுக்கு ஒலிம்பிக்கிலேயே இல்லாத ஒரு விளையாட்டை ஆடிய பெண் ஆண்டுதோறும் அந்த விருதைப் பெற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது: சிறிய நாட்டுக்கு உலக சாம்பியன் கிடைப்பது அரிது, கிடைத்தவரோ திரும்பத் திரும்ப வென்றுகொண்டிருந்தார். இன்னொரு காரணம் ஓப்பன் பிரிவே. யூகோவுக்கும் கோகாவுக்கும் வேறுபாடு தெரியாதவருக்கும் தன்னைவிடப் பெரியவளைத் தூக்கி எறியும் காட்சி புரியும். விதி விளக்கம் தேவைப்படாத வெற்றிகளுக்கே வெகுமக்கள் மனத்தில் இடம் எளிதாகக் கிடைக்கிறது.

வான் டெ வாலே ஏற்கெனவே ஜூடோவைப் பிரபலமாக்கிவிட்டார், இவர் அந்த அலையில் வந்தவர்தானே?

இருவரும் ஒரே ஆண்டில் எழுந்தவர்கள். ஆஸ்டெண்டைச் சேர்ந்த ராபர்ட் வான் டெ வாலே 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 95 கிலோவுக்கு உட்பட்ட பிரிவின் இறுதியில் சோவியத் வீரர் தெங்கிஸ் குபுலூரியை வென்று தங்கம் பெற்றார். அந்த ஒலிம்பிக்கில் பெல்ஜியத்துக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. அரசியல் காரணங்களால் பெல்ஜிய அணி ஒலிம்பிக் கொடியின் கீழ் பங்கேற்றதால் மேடையில் அவருக்குத் தேசியக் கொடிகூட ஏறவில்லை. சில மாதங்களில் நியூயார்க்கில் பெர்க்மன்ஸின் முதல் உலகத் தங்கம்.

வான் டெ வாலே ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடியவர், அவருடைய புகழ் பெரிது. ஆனாலும் உலக சாம்பியன் பட்டம் அவருக்குக் கடைசி வரை கைகூடவில்லை. பெர்க்மன்ஸுக்கு உலகப் பட்டங்கள் இருந்தன, அதிகாரபூர்வ ஒலிம்பிக் பதக்கம் இல்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. யார் அலையில் யார் வந்தார் என்ற வழக்குக்கு இங்கே இடமில்லை.

உல்லா வெர்ப்ரூக்கிடம் ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது. அப்படியானால் பெல்ஜியப் பெண்களில் அவர்தானே பெரியவர்?

1996 அட்லாண்டாவில் வெர்ப்ரூக் இறுதியில் ஜப்பானின் யோகோ தனாபேயை வென்று பெற்ற தங்கம், பெர்க்மன்ஸ் ஆடிய அதே 72 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கில் பெல்ஜியம் பெற்ற ஆறு பதக்கங்களில் நான்கு ஜூடோவில் வந்தவை. கெல்லா வாண்டெகாவெய் வென்ற வெள்ளியும் அவற்றில் ஒன்று. வாண்டெகாவெய் 1993, 2001 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியனாகவும், 2000 சிட்னியில் வெண்கலம் வென்றவராகவும் தம் கணக்கைத் தனியே வைத்திருக்கிறார்.

வெர்ப்ரூக்கின் தங்கத்தைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிம்பிக்கின் அழுத்தத்தில் வெல்வது தனித் திறமை. ஆனால் அவர் உலகப் பட்டம் வென்றதில்லை. ஒலிம்பிக் தங்கம் ஒன்றையே உரைகல்லாகக் கொண்டால் பெர்க்மன்ஸுக்குத் தேர்வு எழுதவே இடம் தராமல் தோல்வி என்று அறிவிப்பதாகிவிடும். என்னைக் கேட்டால் பெர்க்மன்ஸ் முதலிலும் வாண்டெகாவெய் அடுத்தும் நிற்பார்கள். வேறு வரிசை வைப்பவரோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

2021-இல் மத்தியாஸ் காஸ் முதல் பெல்ஜிய உலக சாம்பியன் ஆனார் என்று படித்தேனே?

ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. 2021 புடாபெஸ்டில் 81 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் வென்ற காஸ், ஜூடோவில் உலக சாம்பியனான முதல் பெல்ஜிய ஆண். பெர்க்மன்ஸ் அதை 41 ஆண்டுகளுக்கு முன்பே செய்தவர். ஆண்களின் சாதனையை எழுதும்போது ஆண் என்ற சொல்லை விட்டுவிடும் பழக்கம் செய்தி எழுதுபவர்களிடம் இன்னும் போகவில்லை.

இப்போதைய தலைமுறைக்கு அவரைத் தெரியுமா?

ஜூடோ ஆடுபவர்களுக்குத் தெரியும். வெகுமக்கள் நினைவில் அவருடைய இடத்தை 2000களில் டென்னிஸ் எடுத்துக்கொண்டது. ஜஸ்டின் எனின், கிம் கிளைஸ்டர்ஸ் இருவரும் உலக முதலிடத்துக்குப் போட்டியிட்ட ஆண்டுகளில் மற்ற விளையாட்டுகளுக்குச் செய்தித்தாளில் கிடைத்த இடம் சுருங்கியது. கிளைஸ்டர்ஸ் பெர்க்மன்ஸின் அதே லிம்பர்க் மாகாணத்துக்காரர் என்பது ஒரு கொசுறுச் செய்தி. பிறகு ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் நஃபிசாட்டு தியாம் மூன்று ஒலிம்பிக் தங்கங்களோடு வந்தார். இவர்கள் வென்றவை எல்லாம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ தொலைக்காட்சி மீண்டும் நினைவுபடுத்தும் மேடைகள். ஒலிம்பிக் தொடங்கும்போதெல்லாம் பழைய சாம்பியன்களின் பட்டியல் வெளியாகும். அந்தப் பட்டியலில் பெர்க்மன்ஸ் வர முடியாது. அவர் மறக்கப்பட்டதாகத் தோன்றுவதற்குப் பெரும் காரணம் இந்தக் கணக்குமுறையே.

ரியோகோ தானி, டெடி ரினேர் போன்றவர்களோடு அவரை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டு. ஜப்பானின் ரியோகோ தானி ஏழு உலகப் பட்டங்கள் வென்றார். ஏழும் 48 கிலோவுக்கு உட்பட்ட ஒரே பிரிவில். பெர்க்மன்ஸின் ஆறில் இரண்டு ஒரே ஆண்டில் வந்தவை. இன்று ஒருவர் ஒரே உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டு தனிநபர் தங்கம் வெல்ல வழியில்லை. வழக்கமான சாம்பியன்ஷிப்பிலிருந்து ஓப்பன் பிரிவு நீக்கப்பட்டு, எப்போதாவது தனியாக மட்டுமே நடத்தப்பட்டது. பிரான்ஸின் ரினேர் பெற்ற 2008, 2017 பட்டங்கள் அத்தகைய தனி ஓப்பன் போட்டிகளில் வந்தவை.

மறுபக்கமும் உண்டு. பெர்க்மன்ஸின் காலத்தில் உலகப் போட்டி பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். இன்று ஒலிம்பிக் ஆண்டுகளிலும்கூட உலகப் போட்டி நடப்பதுண்டு. ரினேர் மிகக் கனத்த பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் ஓப்பனில் அவரே பெரும்பாலும் பெரியவர். பெர்க்மன்ஸ் அங்கே சிறியவர்களில் ஒருவர்.

இன்றைய விதிகளில் ஆடினால் தாக்குப்பிடித்திருப்பாரா?

எடைப் பிரிவுகளே மாறிவிட்டன. 1998 முதல் 72 கிலோ வரம்பு போய், பெண்களுக்கு 70, 78 என்ற வரம்புகள் வந்தன. அவர் எதில் ஆடுவார் என்பதிலேயே கேள்வி தொடங்கிவிடும். கோகா 2008-ஓடு ஒழிந்தது. 2010 முதல் கையால் காலை நேரடியாகப் பற்றும் தாக்குதல்களுக்குத் தடை வந்தது. கனத்த எதிராளியிடம் சிறியவருக்கு அதுவும் ஓர் ஆயுதமாக இருந்தது. மூன்றாவது கேள்விக்கான விடையில் சொன்ன பட்டங்களில் நான்கை ஓப்பன் பிரிவே தந்தது. அந்தப் பிரிவு இல்லாத இன்றைய அட்டவணையில் அவருடைய கணக்கு இரண்டு உலகத் தங்கமும் ஓர் ஒலிம்பிக் தங்கமுமாக நின்றிருக்கும். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெர்க்மன்ஸைப் பிடித்திருக்கலாம். எனக்கு 1986 வரையிலான ஓப்பன் களத்துப் பெர்க்மன்ஸே போதும்.